144.39-இல் வானிலை நிலையம்: பதில் வராத அலைவரிசையில் என்ன கெடுகிறது, ஏன்

ஏ.பி.ஆர்.எஸ். என்பது ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், இருப்பிடத்தையும் வானிலையையும் சிறு தரவுத் துண்டுகளாக (பாக்கெட்) வானொலியில் பரப்பும் முறை. அந்த வலையில் ஒரு வானிலை நிலையம் பாக்கெட் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாரும் சொல்வதில்லை. நெறிமுறையே அப்படி. ஏஎக்ஸ்.25 பாக்கெட் வானொலியில் இருவர் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசலாம். யாருக்கு என்று பாராமல் ஒரு சட்டகத்தை வீசிவிட்டும் போகலாம். ஏ.பி.ஆர்.எஸ். இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டது. கேட்டவர் கேட்டார், கேட்காதவருக்கு அடுத்த முறை. ஒரு வட்டாரத்தின் நிலையங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள இதனால்தான் முடிகிறது. தவறான அமைப்போடு ஒரு நிலையம் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கவும் இதேதான் காரணம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வட அமெரிக்காவின் 144.39 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஐரோப்பாவில் இந்த வேலைக்கு 144.80, விண்வெளி நிலையத்தின் டிஜிபீட்டருக்கு (கேட்ட பாக்கெட்டைத் திருப்பிச் சொல்லும் கருவிக்கு) உலகெங்கும் 145.825. ஆனால் நெரிசல் முற்றி, ஊர் கூடி அதைச் சரிசெய்த கதை 144.39-இல்தான் தெளிவாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு வானிலை நிலையத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதும் அந்தக் கதையிலிருந்தே வருகிறது.

இதன் மூலவர் பாப் ப்ரூனிங்கா. மேரிலாந்து மாநிலம் அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பொறியாளர், அழைப்புக்குறி டபிள்யூபி4ஏபிஆர். 1982-இல் கடற்படையின் இருப்பிட அறிக்கைகளை ஆப்பிள் 2 கணினித் திரையில் வரைபடமாக்கியதில் தொடங்கியது. 1984-இல் கமோடோர் விக்-20 கணினியைக் கொண்டு 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிவித்தார். 1990-களின் தொடக்கத்தில் இது இன்றைய பெயரைப் பெற்றது, 1.0.1 என்ற விதிநூல் 2000-ஆம் ஆண்டு வெளியானது. ப்ரூனிங்கா 2022 பிப்ரவரியில் மறைந்தார். வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவியாக மட்டும் இதைச் சுருக்கிவிடுகிறார்களே என்று கடைசிவரை அவருக்குக் குறை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்குள் எந்த ஹாமும் தெரிந்துகொள்ள வேண்டும், அவர் நோக்கம் அதுதான். வானிலை நிலையம் அந்த நோக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாமல் அனுப்பும், இடம் மாறாது, உரிமையாளர் பெரும்பாலும் அதை மறந்துவிட்டிருப்பார். அலைவரிசைக்கு அதைவிடப் பெரிய சுமை இல்லை.

ஒரு விநாடியின் விலை

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வேகம் விநாடிக்கு 1200 பிட். 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகள் எஃப்எம் அலையில் ஏறிப் போகின்றன. இருப்பிடமும் முழு வானிலைத் தகவலும் கொண்ட ஒரு பாக்கெட், முகவரிகளோடு சேர்த்து, ஏறக்குறைய 100 பைட். அதற்கு 0.7 விநாடி. டிரான்ஸ்மிட்டர் நிலைபெறக் கொடுக்கும் முன்தாமதம் 0.3 விநாடி. ஆக, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு விநாடி. பத்து நிமிடத்தில் 600 விநாடிகள் இருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் மலைமேல் உள்ள டிஜிபீட்டருக்குக் கேட்கும் நிலையங்கள் ஒன்றுக்கொன்று கேட்பதில்லை. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் இருப்பவர் அலைவரிசை காலி என்று நினைத்து அனுப்புவார், அதே நேரம் அந்தப் பக்கத்தவரும் அனுப்புவார். முன்பின் பாராமல் அனுப்பும் இத்தகைய வலையில், கூட்டலும் கழித்தலும் போக, உருப்படியாகப் போய்ச் சேருவது அதிகபட்சம் 18 சதவீதம். அலோஹா என்ற முற்கால வானொலி வலையிலிருந்து வந்த கணிதம் சொல்வது அது. பத்து நிமிடத்துக்கு 110 பாக்கெட். அந்த உச்சத்தைத் தாண்டிச் சுமையை நான்கு மடங்காக்கினால் தேறுவது 4 சதவீதத்துக்கும் கீழே, அதாவது இருபத்திரண்டு பாக்கெட். எஃப்எம்மில் வலுத்த அலை மெலிந்ததை அமுக்கிவிடும் என்பதால் நடைமுறை இதைவிடக் கொஞ்சம் மேல். அதன் பலன் போவதோ ஏற்கெனவே பலமாகக் கேட்பவர்களுக்கு.

ஒரு பாக்கெட்டை இரண்டு டிஜிபீட்டர்கள் திருப்பிச் சொன்னால் அதன் விலை மூன்று விநாடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் முப்பத்தாறு வீட்டு நிலையங்களே அந்த 110-ஐத் தீர்த்துவிடும். கார்களும் மற்றவர்களும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ரிலேயும் வைடும்

தொடக்க காலத்தில் வீட்டு நிலையங்கள் 'ரிலே' என்ற பெயருக்கும் மலை நிலையங்கள் 'வைட்' என்ற பெயருக்கும் பதில் கொடுத்தன. காரில் போகிறவர், பாக்கெட்டை யார் யார் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று குறிக்கும் 'பாதை' என்ற இடத்தில், 'ரிலே, வைட், வைட்' என்று போட்டுவிடுவார். இதில் மூன்று கேடுகள். காது கேட்கும் தூரத்தில் உள்ள ரிலே நிலையங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திருப்பிச் சொல்லும். ஒரு டிஜிபீட்டர் தான் சொன்னதையே பக்கத்து டிஜிபீட்டர் வழியாக மறுபடி கேட்டு, புதுசு என்று நினைத்து இன்னொரு முறை சொல்லும். மூன்றாவது, பல கருவிகள் 'வைட்' என்ற சொல்லை அப்படியே விட்டுவைத்துத் தம் அழைப்புக்குறியைப் பதிக்காமல் அனுப்பியதால், கெடுதல் எந்த மலையிலிருந்து வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்கு மாற்றாக வந்தது எண் போட்ட பாதை. 'வைட்3-3' என்றால் மூன்று தாவல், அதாவது அடுத்தடுத்து மூன்று டிஜிபீட்டர்கள் திருப்பிச் சொல்லலாம். ஒவ்வொரு டிஜிபீட்டரும் கடைசி எண்ணில் ஒன்றைக் குறைக்கும், அரை நிமிடத்துக்குள் அதே பாக்கெட் மறுபடி வந்தால் வாயைத் திறக்காது. நல்ல யோசனை. ஆனால் எண் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றால் சும்மா இருப்பார்களா? வைட்7-7 போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். பாக்கெட் பரவும் பரப்பு தாவல் எண்ணிக்கையின் வர்க்கமாக வளரும். இரண்டை ஏழாக்கினால் தூரம் மூன்றரை மடங்கு, பரப்பு பன்னிரண்டு மடங்கு. ஒருவர் வீட்டு வெப்பநிலைக்காக இரண்டு மூன்று மாநிலங்களின் மலைகள் எல்லாம் வாய் திறந்தன.

அனுப்பியவருக்கு இது தெரியாது. வலைத்தள வரைபடத்தில் பார்த்தால் ஒரே ஒரு நேர்த்தியான வரிதான் இருக்கும். ஐகேட் என்ற இணையவாசல் நிலையங்கள் தமக்குக் கேட்டதை எல்லாம் இணையத்துக்குத் தள்ளினாலும், அங்குள்ள வழங்கிகள் முதலில் வந்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 30 விநாடி வரை கழித்துவிடும். வானில் நாற்பது முறை ஒலித்த பாக்கெட்டும் ஒரே முறை ஒலித்த பாக்கெட்டும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். நெரிசலைப் பார்க்க வேண்டும் என்றால் திரையை விட்டுவிட்டு ரிசீவரைத் திறந்து காதால் கேட்க வேண்டும்.

2004-05 வாக்கில் ப்ரூனிங்கா முன்வைத்த மாற்றத்தின் அழகு, யாரும் புதுக் கருவி வாங்க வேண்டியிருக்கவில்லை என்பதில் இருந்தது. மலைகளில் உட்கார்ந்திருந்தவை பெரும்பாலும் கான்ட்ரானிக்ஸ் கேபிசி-3 பிளஸ் மோடம்கள். அவற்றின் உள்நிரலை மாற்ற மலையேற வேண்டும். அளபுருக்களை, அதாவது அமைப்பு மதிப்புகளை, தொலைவிலிருந்தே மாற்றலாம். எனவே இருக்கும் அளபுருக்களைக் கொண்டே சரிசெய்தார். 'யூஐட்ரேஸ்' அளபுருவில் வைட் என்ற பெயரும் 30 விநாடியும் வைத்தால், வைட் பாதையில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிஜிபீட்டரின் அழைப்புக்குறி பதியும், இரட்டை நகல்களும் அடங்கும். ரிலே என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைட்1-1 வந்தது. வீட்டு நிலையம் அதை ஒரு சாதாரணப் பெயராகப் பார்த்துப் பதில் கொடுக்கும். மலை நிலையமோ எண் போட்ட பாதையாகப் பார்த்து இரட்டிப்பைக் கழித்துவிடும். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. வைட்7-7 போன்ற பெரிய எண்களைப் பொறிவைத்துப் பிடித்து ஒரே தாவலில் முடித்துவிட 'யூஐடிஜி' பட்டியல் உதவியது.

பழைய பாதையை விடாதவர்களை என்ன செய்வது? தனித்தனியாகச் சொல்லித் தீராது. டிஜிபீட்டர்கள் ரிலே, வைட் என்ற வெறும் பெயர்களுக்குப் பதில் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. வரைபடத்திலிருந்து தன் நிலையம் காணாமல் போனதும் உரிமையாளர் கையேட்டைத் தேடிப் போனார். கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான், ஆனால் பதில் சொல்ல வழியில்லாத வலையில் வேறெதுவும் பலித்திருக்காது.

வானிலை நிலையத்துக்குப் பாதை, இடைவெளி

ஓடும் காருக்கு 'வைட்1-1, வைட்2-1' சரி. அதைப் பார்த்து வானிலை நிலையத்துக்கும் அதையே எழுதுவது இன்றும் பரவலாக நடக்கும் தவறு. வைட்1-1 என்பது மலைக்குக் கேட்காத பள்ளத்துக் கார்களுக்குப் பக்கத்து வீடு செய்யும் உதவி. கூரைமேல் நிலையான ஆண்டெனா வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை. போட்டால் அக்கம்பக்கத்து வீட்டு நிலையங்கள் எல்லாம் வீணாக வாய் திறக்கும். வைட்2-1 போதும், அதாவது ஒரு மலை. நேரடியாகவே ஐகேட்டுக்குக் கேட்குமானால் பாதையைக் காலியாக விடலாம். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு உங்கள் தோட்டத்துக் காற்றின் வேகத்தால் பயன் குறைவு. எப்போதாவது தூரத்துக்கும் தெரியட்டும் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரடியாக, அரைமணிக்கு ஒருமுறை மட்டும் ஒரு தாவல் என்று பிரித்துவைக்கலாம்.

இடைவெளி பத்து நிமிடம். அதைச் சரியாகக் கடிகாரத்தின் 00, 10, 20 நிமிடங்களில் வைக்கக் கூடாது. இணையத்திலிருந்து நேரம் பிடிக்கும் கணினிகள் எல்லாம் விநாடி பிசகாமல் ஒன்றாகவே அனுப்பி, ஒவ்வொரு முறையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். தற்செயலாக மோதினால் அடுத்த முறை தப்பலாம். கடிகாரம் வைத்து மோதினால் தப்பவே முடியாது.

கருவிகள்

பழைய வழி எளிது. பீட் பிரதர்ஸ் அல்டிமீட்டர் அல்லது டேவிஸ் நிலையத்தைக் கென்வுட் டிஎம்-டி710 வண்டிக் கருவியோடு கம்பிவழி இணைத்தால் மோடமும் மென்பொருளும் கருவிக்குள்ளேயே இருக்கின்றன. இன்று அதிகம் காண்பது டேவிஸ் வேன்டேஜ் நிலையம், அதோடு ஒரு ராஸ்பெரி பை. தரவைப் படிக்க வீயூஎக்ஸ், மோடமாக டயர்வுல்ஃப். கணினிக்கும் வானொலிக்கும் நடுவே யுஎஸ்பி ஒலி இடைமுகம். வானொலியின் பின்னால் ஆறு முனைத் தரவுச் செருகி இருந்தால் மைக் செருகியைத் தொட வேண்டாம். ஆண்டெனாவுக்கு 49 செ.மீ. செங்குத்துக் கம்பியும் கீழே 45 பாகை சாய்ந்த நான்கு ஆரக்கம்பிகளும் போதும், உயரத்தில் இருந்தால் சரி. மலை தெரியும் இடத்தில் 10 வாட் தாராளம்.

ஒலி அளவில்தான் பெரும்பாலான நிலையங்கள் தோற்கின்றன. சத்தமாக அனுப்பினால் தூரம் போகும் என்ற நினைப்பு. எஃப்எம்மில் ஒலியைக் கூட்டினால் விலகல், அதாவது அலைவரிசை இருபுறமும் ஊசலாடும் அளவு, கூடும். வரம்பைத் தொட்டதும் வானொலியின் வெட்டுச்சுற்று தொனிகளின் தலையை அரிந்துவிடும். தேவை 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ் விலகல். அளக்கும் கருவி இல்லாதவர் இன்னொரு ரிசீவரில் கேட்டபடி ஒலியைச் சுழியத்திலிருந்து கூட்ட வேண்டும். இதற்கு மேல் சத்தம் கூடவில்லை என்னும் இடம் வந்ததும் பாதிக்குக் குறைத்துவிட்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். வாங்கும் பக்கத்தில் டயர்வுல்ஃப் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒலி அளவைக் காட்டும்; அது 50-ஐ ஒட்டி இருக்கட்டும். ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடக்கும் வாயிலை) முழுவதும் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அது திறப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். குரல் கேட்டு அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதியை நம்பக் கூடாது: பாக்கெட் முடிந்த பிறகும் அரை விநாடி, ஒரு விநாடி டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துவைத்து மற்றவர் நேரத்தைத் தின்னும்.

டயர்வுல்ஃபின் அமைப்புக் கோப்பில் 'சிபீக்கன்' வரியில் 'இன்ஃபோகமாண்ட்' என்ற வசதி உண்டு. அனுப்பும் நேரம் வந்ததும் அது உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி, அது அச்சிடும் வரியைப் பாக்கெட்டாக்கும். ஸ்கிரிப்ட் முதலில் பார்க்க வேண்டியது தரவுக் கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதை. பத்து நிமிடத்துக்கு மேல் பழசு என்றால் எதையும் அச்சிடாமல் வெளியேறட்டும். வெற்று வரி கிடைத்தால் டயர்வுல்ஃப் எதையும் அனுப்பாது. இந்த ஒரு சோதனை இல்லாததால்தான் உணரி செத்த பிறகும் சில நிலையங்கள் நள்ளிரவிலும் நண்பகல் வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

வரிக்குள் என்ன இருக்கிறது

வானிலை வரி என்பது கட்டம் கட்டமாக எண்ணிவைத்த எழுத்துகள். முதலில் இருப்பிடம், அதன் முடிவில் அடிக்கோடு என்ற குறியீடு. அந்த ஒரு எழுத்துதான் இது வானிலை என்று சொல்வது. பின்னால் வரும் '220/004' என்ற ஏழு எழுத்துகள், அடிக்கோடு இருந்தால் காற்று 220 பாகையிலிருந்து மணிக்கு 4 மைல். அடிக்கோட்டுக்குப் பதில் காரின் குறியீடு இருந்தால் அதே எழுத்துகளுக்குப் பொருள், இந்த வண்டி 220 பாகை நோக்கி 4 நாட் வேகத்தில் போகிறது. கூரையில் ஆணியடித்த நிலையம் வரைபடத்தில் நகரப் பார்ப்பது இப்படித்தான்.

இருப்பிடம் பாகையும் நிமிடமுமாக எழுதப்படும், தசமப் பாகையாக அல்ல. வலைத்தள வரைபடத்திலிருந்து 38.45 என்று எடுத்தால் அது 38 பாகை 27.00 நிமிடம், எழுத வேண்டியது 3827.00. அவசரத்தில் 3845.00 என்று எழுதினால் நிலையம் 18 நிமிடம் வடக்கே, அதாவது 33 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். நிமிடத்தின் நூறில் ஒரு பங்கு ஏறக்குறைய 18.5 மீட்டர், வீட்டுக்கு அந்த நுணுக்கம் போதும். நகராத நிலையத்துக்கு ஜிபிஎஸ் கருவியை மாட்டிவைப்பது வீண். அது சில மீட்டர் அலையும், வரைபடம் அதை நடை என்று எண்ணும். ஒருமுறை அளந்து எழுதிவிட்டால் முடிந்தது.

அலகுகள் பழைய அமெரிக்க வழக்கம். வெப்பநிலை ஃபாரன்ஹீட், மூன்று இலக்கம். 27 செல்சியஸை அப்படியே 027 என்று அனுப்பினால் உலகம் அதை மைனஸ் 3 செல்சியஸ் என்று படிக்கும். காற்று மணிக்கு மைல். வீச்சு, அதாவது திடீரென எழும் காற்றின் வேகம், கடந்த ஐந்து நிமிடத்தின் உச்சம். மழை அங்குலத்தின் நூறில் ஒரு பங்குகளில்: 5 மில்லிமீட்டர் என்றால் 020. கடந்த ஒரு மணி, கடந்த 24 மணி, உள்ளூர் நள்ளிரவு முதல் என்று மூன்று கணக்கு. கடைசி இரண்டும் சிறிய, பெரிய 'பி' எழுத்தால் மட்டுமே வேறுபடும் என்பதால் அடிக்கடி இடம் மாறும். ஈரப்பதத்துக்கு இரண்டே இலக்கம், 100 சதவீதத்தை 00 என்று எழுத வேண்டும். மூடுபனி காலையில் 100 என்று மூன்று இலக்கம் அனுப்பும் ஸ்கிரிப்ட், அடுத்த முனையில் 10 சதவீதமாகப் படிக்கப்பட்டு, பனிக்குள் பாலைவனத்தைக் காட்டும். அழுத்தம் மில்லிபாரின் பத்தில் ஒரு பங்கு, ஐந்து இலக்கம்: 1013.2 என்றால் 10132, 990.0 என்றால் 09900. முன்னால் உள்ள சுழியத்தை விட்டால் வரியே குலையும். அளவு இல்லாத கட்டத்தில் சுழியம் போடக் கூடாது, புள்ளிகள் போட வேண்டும். மழைமானி இல்லாதவர் 000 என்று அனுப்பினால் மழை பெய்யவில்லை என்று சாட்சி சொல்கிறார்.

பெரும்பாலான ராஸ்பெரி பைகளில் மின்கலக் கடிகாரம் இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு இணையம் வராவிட்டால் நேரம் தவறாகவே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நேர முத்திரை இல்லாத வடிவமே நல்லது. போடுவதானால் உள்ளூர் நேரம் அல்ல, உலகப் பொது நேரம்.

அழுத்தமும் அண்டை நிலையங்களும்

இந்தத் தரவு ஹாம்களோடு நிற்பதில்லை. குடிமக்கள் வானிலை நோக்கர் திட்டம் வழியாக அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் 'மாடிஸ்' அமைப்புக்குப் போகிறது. அந்தத் திட்டமே பாக்கெட் வானொலி ஹாம்களிடமிருந்து முளைத்தது. ஹாம் அல்லாதவர்கள் இணையம் வழியாகப் பின்னர் சேர்ந்தார்கள். மாடிஸ் மூன்று அடுக்காகச் சோதிக்கும்: அளவு நம்பும்படியாக இருக்கிறதா, முந்தைய அளவோடு ஒத்துப்போகிறதா, அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒத்துப்போகிறதா.

மூன்றாவது சோதனையில் முதலில் விழுவது அழுத்தம். அனுப்ப வேண்டியது ஆல்டிமீட்டர் மதிப்பு, அதாவது நிலையத்தின் உயரத்தை மட்டும் கொண்டு கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். உணரி அளக்கும் நிலைய அழுத்தமும் அல்ல, வெப்பநிலையைச் சேர்த்துத் திருத்திய கடல்மட்ட அழுத்தமும் அல்ல. டென்வர் போல 1600 மீட்டர் உயரத்தில் நிலைய அழுத்தம் சராசரியாக 834 மில்லிபார். அதை அப்படியே அனுப்பினால் சூறாவளிகூடத் தராத எண் அது. அண்டை நிலையங்களோடு ஒத்துப்போகவே போகாது. கடல்மட்ட மதிப்பை அனுப்பினால் வேறுபாடு சில மில்லிபார்தான், அதுவும் வெப்பநிலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தத் தவறு கண்டுபிடிக்கக் கடினம். நிலையத்தின் உயரம் வானிலை வரியில் பொதுவாக இருக்காது. திட்டத்தில் பதிவு செய்யும்போது சரியாகக் கொடுக்க வேண்டும்.

காற்றுத்திசையை உண்மை வடக்குக்கு நிறுத்த வேண்டும். அனாபொலிஸ் பக்கத்தில் காந்த ஊசி ஏறக்குறைய 11 பாகை மேற்கே காட்டும். ஊசியை நம்பி நிறுத்திய காற்றுத்திசைகாட்டி அதே அளவு பிசகும். காற்றுமானிக்கு 10 மீட்டர் உயரம், வெப்பமானிக்குத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் என்பது உலக வானிலை அமைப்பின் அளவு. இரண்டையும் ஒரே கம்பத்தில் கூரைமேல் வைத்தால் ஒன்று நிச்சயம் பொய் சொல்லும். மழைமானியின் புனலைச் சிலந்தி அடைத்தால் எந்தச் சோதனையும் உடனே பிடிக்காது. கோடையில் 000 இயல்பான எண்தானே.

நிறுவி முடித்ததும் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். ஏபிஆர்எஸ்.எஃப்ஐ தளத்தின் மூலப் பாக்கெட் பக்கத்தில் வரி பிழையின்றிப் பிரிகிறதா என்று ஒருமுறை. வேறொரு ரிசீவரில் தன் பாக்கெட் எத்தனை முறை திரும்பி ஒலிக்கிறது என்று ஒருமுறை. பிறகு ஒரு நாள் முழுக்கக் காற்றுவீச்சின் வரைபடத்தை அனுப்பிய நேரங்களோடு பொருத்தி. அமைதியான இரவிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 40 மைல் வீச்சு தெரிந்தால் அது காற்றல்ல. சொந்த டிரான்ஸ்மிட்டரின் அலை காற்றுமானிக் கம்பியில் ஏறி, சுழற்சித் துடிப்புகளாக எண்ணப்படுகிறது. கம்பியை ஆண்டெனாவிலிருந்து விலக்கி, உணரிப் பெட்டிக்கு அருகே 43 கலவை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் வாட்டைக் குறைக்க வேண்டும். பத்திலிருந்து ஐந்துக்கு இறக்கினால் மலைக்குக் கேட்பதில் வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே.